பண்டோரா திறந்தது பெட்டி அல்ல, தாழி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழில் வரும் கிரேக்கப் புராணத் தொடரை நானும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் ஒரு வாரம்கூட விடாமல் படிக்கிறோம். இதழ் வந்ததும் யார் முதலில் எடுப்பது என்று வீட்டில் போட்டியே நடக்கும். இந்தக் கதைகளைத் தமிழில் தர நீங்கள் முன்வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த உரிமையில்தான் ஒரு குறையையும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு கட்டம் போட்டு ஜீயஸ் என்றால் இடி, போஸைடன் என்றால் கடல், டிமீட்டர் என்றால் விளைச்சல் என்று எழுதிவிட்டு, கீழே கதையைத் தருகிறீர்கள். அந்தக் கதையை யார் சொன்னார், எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று ஒரு வரிகூட இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே புனித நூல் என்று கிரேக்கர்களுக்கு எதுவும் இருந்ததில்லை. பழங்காலக் கிரேக்கக் கவிஞர்களில் ஹோமர் ஒன்று சொல்வார், ஹெசியட் வேறு சொல்வார், பல நூற்றாண்டு கழித்து ரோமிலிருந்து கவிஞர் ஓவிட் அதையே மாற்றிச் சொல்வார். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எந்தக் கதையும் அதன் சொந்த ருசியோடு நமக்குக் கிடைப்பதில்லை.

போன வாரம் வந்த முதல் பெண் பண்டோராவின் கதையையே பாருங்கள். ஆர்வம் தாங்காமல் பெட்டியைத் திறந்தாள், துன்பங்கள் பறந்தன, நம்பிக்கை மட்டும் மிஞ்சியது என்று முடித்திருந்தீர்கள். ஹெசியட்டின் 'வேலைகளும் நாட்களும்' பாடலில் பெட்டியே கிடையாது. ஆர்வம் என்ற பேச்சும் இல்லை. அங்கே இருப்பது பித்தோஸ். தானியமும் எண்ணெயும் திராட்சை மதுவும் சேர்த்துவைக்கும் பெரிய மண் தாழி அது. 16ஆம் நூற்றாண்டில் எராஸ்மஸ் என்ற ஐரோப்பிய அறிஞர் இந்தக் கதையை லத்தீனில் எழுதும்போது அதைச் சிறு பேழையாக மாற்றிவிட்டார். அன்றிலிருந்து உலகம் முழுக்கப் பெட்டிதான்.

"தாழியா இருந்தா என்ன, பெட்டியா இருந்தா என்னம்மா?" என்று மகள் கேட்டாள். நியாயமான கேள்விதான். ஹெசியட் யார் என்று தெரிந்தால் பதில் தானாகக் கிடைக்கும். கிரேக்கத்தின் பொயோஷியா வட்டாரத்தில் அஸ்க்ரா என்ற ஊரில் நிலம் உழுது வாழ்ந்தவர். உடன்பிறந்த பெர்செஸோடு பாகப்பிரிவினைத் தகராறு. லஞ்சம் வாங்கும் பெரிய மனிதர்களைக் கையில் போட்டுக்கொண்டு அவன் அதிகப் பங்கைச் சுருட்டிக்கொண்டான் என்று மனம் குமுறி, அவனைப் பார்த்துச் சொல்லும் பாட்டு அது. மனிதன் ஏன் உழைத்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது என்று அவனுக்கு விளங்க வைக்கத்தான் பண்டோரா கதை வருகிறது. அதே பாட்டில் கொஞ்சம் தள்ளி, தாழியைத் திறந்த புதிதிலும் அடி தெரியும்போதும் தாராளமாக எடுத்துக்கொள், நடுவில் இருக்கும்போது சிக்கனம் பிடி, அடிவண்டலுக்கு வந்த பிறகு மிச்சம் பிடிப்பதில் பயனில்லை என்று புத்தி சொல்கிறார். இரண்டு இடத்திலும் பித்தோஸ் என்ற அதே சொல்தான்.

அப்படியென்றால் பண்டோரா மூடியைத் தூக்கியது, கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு வீட்டின் வருஷச் சாப்பாடு இருக்கும் தாழியை ஒருத்தி கொட்டிக் கவிழ்ப்பது போலத்தான் கேட்டிருக்கும். பெண்களைப் பற்றி ஹெசியட்டுக்கு இருந்த கசப்பும் அதில் சேர்ந்தே இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம்பிக்கை உள்ளேயே தங்கிவிட்டது நமக்காகப் பத்திரமாகவா, நமக்குக் கிடைக்காமல் அடைபட்டா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அது சேமித்துவைக்கும் தாழி என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்வியின் கனமே புரியும்.

ட்ராய் போரின் மாவீரன் அக்கிலிஸ் கதையிலும் இதே சிக்கல்தான். குதிகால் தவிர எங்கேயும் காயம்படாதவன் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட் காவியத்தில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. 21ஆம் காண்டத்தில் ஒருவன் எறிந்த ஈட்டி அக்கிலிஸின் கையில் உரசி ரத்தம் வருகிறது. குதிகால் கதை இன்று கிடைக்கும் நூல்களில் முதலில் வருவது கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானியக் கவிஞர் ஸ்டேஷியஸிடம். காயம் படக்கூடியவன், சாகப்போவது தெரிந்தவன், அப்படியும் களத்துக்குப் போகிறான் என்பதுதான் ஹோமரின் அக்கிலிஸ்.

டிமீட்டர் கதையை நீங்கள் நாலே வரியில் முடித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. பருவகாலம் எப்படி வந்தது என்பதற்கான விளக்கம், அவ்வளவுதான் என்று விட்டுவிட்டீர்கள். ஹோமர் பெயரில் வழங்கும் துதிப்பாடல்களில் ஒன்று அவளுக்கானது. 495 வரி. ஏறக்குறைய முழுப் பாடலையும் தரும் ஒரே கையெழுத்துப் பிரதி 1777இல்தான் மாஸ்கோவில் கிடைத்தது. டிமீட்டரின் பெண்ணைப் பாதாள உலகின் தெய்வம் ஹேடிஸுக்குக் கொடுக்க அப்பா ஜீயஸ் சம்மதித்துவிட்டார், அம்மா டிமீட்டருக்கு மட்டும் தெரியாது. பெண்ணின் அலறல் காதில் விழுகிறது. கையில் தீப்பந்தங்களோடு ஒன்பது நாள் சாப்பிடாமல் குளிக்காமல் அலைகிறாள். கடைசியில் கிழவி வேடத்தில் எலூசிஸ் ஊர்க் கிணற்றடியில் போய் உட்கார்கிறாள். தண்ணீர் எடுக்க வந்த அரசரின் பெண்கள் அவளை வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பவளை, இயாம்பே என்ற பணிப்பெண் கேலி பேசிச் சிரிக்க வைக்கிறாள். மதுவை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, பார்லியும் தண்ணீரும் புதினா இனத்து இலையும் கலந்து கேட்டு வாங்கிக் குடிக்கிறாள். பெண்ணைப் பறிகொடுத்த தாய்க்கு இத்தனை நாள் கழித்து முதல் வாய் இறங்குகிறது. இந்த இடத்தைச் சத்தமாகப் படித்தபோது நானும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அப்புறம்தான் பஞ்சம். விதை முளைக்காமல் மனிதர்கள் செத்தால் தெய்வங்களுக்குப் படையல் போட ஆள் இருக்காது என்ற நிலை வந்த பிறகே ஜீயஸ் இறங்கி வருகிறார். ஒரு தாய் தெய்வங்களின் அரசனையே பணிய வைத்த கதை இது. எலூசிஸில் டிமீட்டருக்கு நடந்த ரகசியச் சடங்குகளில் பெண்களும் அடிமைகளும்கூடச் சேரலாம். அந்த ஊர் மக்களிடமிருந்து கதையைப் பிரித்தால் மிஞ்சுவது ஒரு பருவகாலப் பாடம்தான்.

என் வேண்டுகோள் இரண்டு. இனி வரும் ஒவ்வொரு கதையின் கீழேயும் அதைச் சொன்ன கவிஞர் பெயரையும் காலத்தையும் ஒரு வரியில் போடுங்கள். அப்புறம், டிமீட்டர் பாடலை மட்டும் முழுசாக வெளியிடுங்கள். வாரம் நூறு வரி போட்டால்கூட ஐந்தே இதழில் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
மன்னார்குடி