மகளுக்கு: தராசுச் சின்னம் வென்ற விதம்

அன்பு மகளுக்கு,

வாக்குப்பெட்டியை மாற்றித்தான் மலேசியாவில் தேசிய முன்னணிக் கூட்டணி 2018 வரை இத்தனை காலம் ஆண்டிருக்கும் என்று எழுதியிருந்தாய். அப்படி நினைத்தால் அது வென்ற விதமும் புரியாது, விழுந்த விதமும் புரியாதம்மா. பெரும்பகுதி வேலை வேட்புமனு நாளுக்கு முன்பே முடிந்துவிடும்.

முதலில் தொகுதிப் பங்கீடு. 1955இல் மலாயாவில் 52 தொகுதிகள். கூட்டணிக்குள் மலாய்க்காரர் கட்சியான அம்னோவுக்கு 35, சீனர் கட்சியான மசீசவுக்கு 15, இந்தியர் கட்சியான மஇகாவுக்கு 2. வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் மலாய்க்காரர்கள். ஆனாலும் சீன, இந்திய வேட்பாளர்கள் 17 பேரும் ஜெயித்தார்கள். கூட்டணிக்குக் கிடைத்தவை 51. எல்லாருக்கும் ஒரே சின்னம். ஒரு தொகுதியில் ஒரு வேட்பாளர்தான். அம்னோ கிளைகள் தங்கள் ஓட்டை அப்படியே கூட்டாளிக்குத் திருப்பிவிட்டன. பிறகு வந்த தேசிய முன்னணியின் தராசுச் சின்னத்துக்கும் இதே முறைதான்.

இதற்குள்ளேயே நம்மவர்களின் பலவீனமும் இருந்தது. இந்தியர் பெரும்பான்மையான நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூடக் கிடையாது. அம்னோ உழைக்காமல் மஇகா வெல்ல முடியாது. அப்படி வென்றவர் தோட்டப்புற மக்களுக்காக அமைச்சரவையில் எவ்வளவு குரல் உயர்த்திவிட முடியும்?

அடுத்தது தொகுதி எல்லை. 1957 அரசமைப்பு, தொகுதிகளின் வாக்காளர் எண்ணிக்கை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது என்றது. 1962இல் கிராமத் தொகுதி நகரத் தொகுதியில் பாதியளவு இருக்கலாம் என்று தளர்த்தினார்கள். 1973இல் வரம்பையே எடுத்துவிட்டார்கள். விளைவைப் பார்: 2013இல் புத்ராஜெயாவில் 15,791 வாக்காளர்கள், காப்பாரில் 1,44,159 பேர். இரண்டுக்கும் தலா ஒரு உறுப்பினர்! அந்தத் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் மக்கள் கூட்டணி ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்கு வாங்கியும் 89 இடத்தில் நின்றது. தேசிய முன்னணி 47 விழுக்காட்டில் 133 பிடித்தது. எனக்கு இன்றும் ஆறாத அநியாயம் இது.

தேசநிந்தனைச் சட்டம், விசாரணையின்றி அடைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், பத்திரிகை உரிமம் எல்லாம் உனக்குத் தெரிந்தவை. ஆனால் அவை ஓட்டைச் சேர்த்துத் தராது. எதிராளியின் வாயைத்தான் கட்டும்.

ஓட்டு கைமாறுவது நின்றபோதுதான் விரிசல் விட்டது. 2007 நவம்பரில் இந்தியர் உரிமை கேட்ட இண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. அடுத்த மார்ச்சில் மஇகா 9 இடத்தில் நின்று 3 மட்டும் வென்றது. சுங்கை சிப்புட்டில் மஇகா தலைவர் சாமிவேலுவே தோற்றார். இந்திய வாக்கு சிதறியதில் அம்னோ தொகுதிகளும் ஆட்டம் கண்டன. தேசிய முன்னணிக்கு 222இல் 140 இடம் வந்ததற்கு சபா, சரவாக் மாநிலங்கள்தான் காரணம். அங்கிருந்து மட்டும் 54. 2018இல் அந்த முட்டும் சரிந்து, மொத்தமே 79 ஆனது.

எல்லை மறுசீரமைப்பு அறிவிப்பு மறுபடி வரும். ஒரு மாதத்துக்குள் தொகுதி வாக்காளர்கள் நூறு பேர் ஆட்சேபம் கொடுத்தால் தேர்தல் ஆணையம் விசாரணை நடத்தியே ஆக வேண்டும். அடையாள அட்டை எண் வாக்காளர் பட்டியலோடு ஒத்துப்போகட்டும். ஒரு கையெழுத்து தள்ளுபடியானாலும் 99 ஆகிவிடும். 120 பேராகச் சேர். உன் பெயரையும் எழுது.

அன்புடன்,
அப்பா