குப்பனூர் ரோட்டுல போகணும்னா கார்கிட்ட எப்படி சொல்றது?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

புதுசா கார் எடுக்கறவங்க இப்ப கேக்கற முதல் கேள்வியே சன்ரூஃப் இருக்கா, ஸ்கிரீன் எவ்ளோ பெருசுங்கறதுதான். ஷோரூம்லயும் டெலிவரி அன்னைக்கு சன்ரூஃப தொறந்து மூடி காட்டுவாங்க, ப்ளூடூத்துல ஒரு பாட்ட போட்டு காட்டுவாங்க, மாலை போட்டு போட்டோ எடுத்து அனுப்பி வைப்பாங்க. ஆனா அந்த ஸ்கிரீனுக்குள்ளயே காசு குடுத்து வாங்கின நேவிகேஷன் ஒண்ணு இருக்கு பாருங்க, அத நமக்கு புடிச்ச ரோட்டுல எப்படி வரவைக்கறதுன்னு மட்டும் ஒருத்தரும் சொல்லித் தர்றதில்ல. இத பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், கோடை விழா சீசன்ல ஏற்காட்டுக்கு வர்ற வெளியூர் வண்டிங்க படற பாட்ட பாத்துட்டு இப்ப எழுதறேன்.

நான் இருக்கறது அயோத்தியாப்பட்டணம் பக்கம். இங்கிருந்து ஏற்காடு போக ரெண்டு வழி, சேலத்துக்காரங்களுக்கு தெரியாதது இல்ல. அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம் போயி 20 கொண்டை ஊசி வளைவு ஏறறது ஒண்ணு, குப்பனூர் வழியா கொட்டச்சேடு போயி ஏறறது இன்னொண்ணு. குப்பனூர் ரோடு சுத்துதான், ஆனா சனி ஞாயிறுல அடிவாரம் பக்கம் நிக்கற பைக்கு கூட்டமும் பஸ்ஸும் அங்க இல்லைங்க, வயசானவங்கள ஏத்திட்டு போறப்ப எனக்கு அதுதான் நிம்மதி. கார்ல ஏற்காடுன்னு போட்டா போதும், உடனே டவுனுக்குள்ள திருப்பி அஸ்தம்பட்டிக்கு இழுக்கும். நாம கண்டுக்காம குப்பனூர் பக்கம் போனா ஒவ்வொரு சந்துலயும் யூ டர்ன் போடு, யூ டர்ன் போடுன்னு உயிர எடுக்கும். அந்த சத்தத்துக்கே பாதி பேரு ஆஃப் பண்ணி வெச்சிருக்காங்க.

அது ஏன் அப்படி பண்ணுதுன்னா, மேப்புல ஒவ்வொரு ரோட்டையும் துண்டு துண்டா பிரிச்சு, ஒவ்வொரு துண்டுக்கும் இது பெரிய ரோடா சின்ன ரோடா, எவ்ளோ நேரம் ஆகும்னு ஒரு கணக்கு வெச்சிருக்கு, எல்லாத்தையும் கூட்டி எது கம்மியா வருதோ அதத்தான் நீட்டும். டைக்ஸ்ட்ரான்னு நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் 1959-ல வெளியிட்ட கணக்குதான் இதுக்கெல்லாம் அடிப்படை. கூட்டம் புடிக்கல, வளைவு புடிக்கல, வழியில மாமா வீட்டுல ஒரு காபி குடிக்கணும், இதெல்லாம் அந்த கணக்குல கிடையாது. நாம தப்பான ரோட்டுல போறோம்னு அது திட்டல, திரும்ப கணக்கு போட்டு பாக்கறப்பவும் பழைய வழிதான் கம்மியா வருது, அவ்ளோதான். ஒரு கட்டம் தாண்டி ரொம்ப தூரம் வந்துட்டா தானா மாறிக்கும்.

செட்டிங்ஸ்ல போயி மாத்துங்கன்னு சொல்றவங்க உண்டு. ஃபாஸ்டஸ்ட், ஷார்ட்டஸ்ட், டோல் வேணாம், ஹைவே வேணாம், மண் ரோடு வேணாம்னு வரிசையா இருக்கும். என்ன கேட்டா அத தொடாம இருக்கறதே நல்லது. ஷார்ட்டஸ்ட் போட்டா செவ்வாப்பேட்ட லீ பஜார் சந்துல லோடு எறக்கற லாரி பின்னாடி கொண்டு போயி நிறுத்தும். டோல் வேணாம்னு ஒரு நாள் போட்டுட்டு அப்படியே விட்டா, அடுத்த தடவ கோயமுத்தூர் கெளம்பறப்ப வைகுந்தம் டோல்கேட்டுக்கு பயந்து எங்கியோ ஊருக்குள்ள எறக்கி விட்டுரும், ஏன்னா அந்த செட்டிங் ஒரு ட்ரிப்புக்கு மட்டும் இல்ல, நாம மாத்தற வரைக்கும் அப்படியே நிக்கும். அதுவும் இல்லாம இதெல்லாம் எந்த மாதிரி ரோடு வேணாம்னு சொல்றதுக்குத்தான், எந்த ரோடு வேணும்னு சொல்றதுக்கு இல்ல.

வேணுங்கற ரோட்ட சொல்றதுக்கு இருக்கறது நடுவுல ஒரு புள்ளி வெக்கறது. வே பாயிண்ட், வயா, ஆட் ஸ்டாப், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பேரு வெச்சிருக்கான். ஆட்டோல ஏறி ஜங்ஷன் போப்பான்னு மட்டும் சொன்னா அவர் இஷ்டத்துக்குத்தான் போவாரு, நாலு ரோடு வழியா போப்பான்னு சொன்னாத்தான் நம்ம வழி, அதே கதைதான் இங்கயும். ஏற்காட்ட போட்டுட்டு நடுவுல குப்பனூர் ரோட்டு மேல ஒரு புள்ளி, அவ்ளோதான், அப்புறம் அஸ்தம்பட்டி பேச்சே எடுக்காது. இதுல என்ன கஷ்டம்னா அந்த புள்ளிய எங்க வெக்கறதுங்கறதுதான், அங்கதான் எல்லாரும் வெறுத்துப்போயி விட்டுடறாங்க.

ஊர் பேரு அடிச்சு தேடாதீங்க. ஒரே பேர்ல நாலு ஊர் வரும், இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற நாலு விதம். சரியான ஊரே வந்தாலும் ஊரோட நடு சென்டருக்கு கூட்டிட்டு போகும், மெட்ராஸ் போறவரு ஆத்தூர்னு போட்டா பைபாஸ்ல போக வேண்டியவர ஆத்தூர் டவுனுக்குள்ள இழுத்துட்டு போயி காட்டிட்டுதான் விடும். மேப்ப நல்லா பெருசு பண்ணி, நம்ம ரோட்டு மேலயே வெரல வெச்சு அமுக்கி புடிங்க. ரெண்டு வழியும் பிரியற முக்குல வெக்காம கொஞ்சம் தள்ளி, அந்த ரோட்ட விட்டா வேற ரோடு இல்லங்கற எடத்துல வெங்க. நடுவுல செவுரு வெச்ச பெங்களூர் ஹைவே மாதிரி ரோடுன்னா நாம போற பக்கத்துலதான் புள்ளி விழணும், எதிர் பக்கம் விழுந்துச்சுன்னா தாண்டி போயி யூ டர்ன் அடிச்சு வந்து தொட்டுட்டு மறுபடி யூ டர்ன் அடிக்க சொல்லும், சிரிக்காதீங்க நெஜமாவே சொல்லும். நெறைய புள்ளியும் வேணாம், ஒண்ணு ரெண்டு போதும். சேலத்துல இருந்து மஞ்சவாடி கணவாய் வழியா திருப்பத்தூர், வாணியம்பாடி போயி மெட்ராஸ் போகணும்னு ஆசப்படறவங்களுக்கு அரூர் தாண்டி ஒண்ணு வெச்சா பெரும்பாலும் மீதிய அதுவே புடிச்சுக்கும், கெளம்பறதுக்கு முன்னாடி முழு ரூட்டையும் சின்னது பண்ணி ஒருவாட்டி பாத்துக்கிட்டா போதும்.

அப்புறம் முக்கியமா, அந்த புள்ளிய தொடாம பக்கத்து ரோட்டுல போயிட்டோம்னா அது விடவே விடாது, திரும்பி போயி தொட்டுட்டு வான்னு நிக்கும், அப்ப அந்த புள்ளிய மட்டும் அழிக்கணும், இல்லாட்டி ஸ்கிப் பண்ணணும். இத வண்டி நிக்கறப்ப பண்ணுங்க, நெறைய கார்ல ஓடறப்ப டைப் பண்ணவே விடாது, அது நல்லதுதான். அடிக்கடி போற வழின்னா அந்த புள்ளிய ஃபேவரிட்ல பேரு வெச்சு சேத்துட்டா அப்புறம் தட்டி விட்டுட்டு போயிட்டே இருக்கலாம். சில வண்டில டிராஃபிக் பாத்து தானா ரூட்டு மாத்தற வசதி இருக்கு, அத ஆஃப் பண்ணலன்னா பாதி வழியில உனக்கு நல்லது பண்றேன்னு மாத்தினாலும் மாத்தும்.

போன்ல கூகுள் மேப் இருக்கறப்ப இதெல்லாம் எதுக்குன்னு என் மச்சான் கேப்பாரு. மல மேல பாதி எடத்துல போனுக்கு டவரே கெடையாது மாப்ள, அங்க ரூட்டு மாத்த கேட்டா போனு சுத்திட்டே நிக்கும், மேப்ப முன்னாடியே டவுன்லோடு பண்ணி வெச்சாத்தான் உண்டு. கார்ல இருக்கறது மேப்ப உள்ளயே வெச்சிருக்கற ரகமா இருந்தா சிக்னல் இல்லாட்டியும் கணக்கு போடும். ஆனா மேப்ப அப்டேட் பண்ணணும், அதையும் யாரும் பண்றதில்ல.

இப்ப ஏற்காட்டுக்கு வர்றேன். கோடை விழா கூட்டத்துல போலீஸ் ஒருவழியாக்கி அடிவாரம் வழியா ஏறு, குப்பனூர் வழியா எறங்குன்னு விடறாங்க. நல்ல ஏற்பாடு, குத்தம் சொல்லல. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண்ணு சரிஞ்ச மாதிரி நேரத்துலயும் ரோட்ட மாத்தத்தான் செய்யணும். ஆனா காருக்கு அது தெரியாதே. குப்பனூர் பக்கம் எறங்கற வெளியூர்காரர பாத்து யூ டர்ன் போடுன்னு அது சொல்லிட்டே வரும், அவரும் நம்பி மலப்பாதையில வண்டிய குறுக்கால திருப்பறாரு, பின்னாடி வர்றவன் பிரேக்க மிதிச்சே செத்துப்போவான். நேவிகேஷன கேன்சல் பண்ணுங்க சார், இல்லாட்டி குப்பனூர்ல ஒரு புள்ளி வெங்கன்னு நானே ஜன்னல் வழியா சொல்லியிருக்கேன், அவங்களுக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல.

அதனால ரெண்டு விஷயம் கேக்கறேன். மாவட்ட நிர்வாகம் ஒருவழின்னு அறிவிக்கறப்ப மேப் கம்பெனிகளுக்கும் அதே நாள்ல தகவல் குடுக்கணும், மேல ஏரி பக்கமும் எறங்கற வழியிலயும் 'நேவிகேஷன் சொல்றத கேக்காதீங்க, குப்பனூர்ல புள்ளி வெங்க'ன்னு தமிழ், கன்னடம், இங்கிலீஷ்ல பெருசா போர்டு வெக்கணும், வர்றதுல பெங்களூர் வண்டியும் நெறைய. கார் விக்கறவங்க டெலிவரி அன்னைக்கு போட்டோ எடுக்கற நேரத்துல ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, வாங்கினவர் வீட்டுக்கு அவருக்கு புடிச்ச வழியில ஒரு ரூட்டு போட்டு காட்டணும். உங்க பேப்பர்லயும் ஒருவழி அறிவிப்ப உள் பக்கத்துல பொடி எழுத்துல போடாம, விழாவுக்கு முந்தின நாள் மேப்போட மொதல் பக்கத்துல போட்டா புண்ணியமா போகும்.

இப்படிக்கு,
அயோத்தியாப்பட்டணத்துல இருந்து உங்க பல வருஷ வாசகர்