பதில் வேண்டாம், படித்தால் போதும்

உன் எண்ணை நேற்று இரவு போனிலிருந்து அழித்துவிட்டேன். பழைய மெசேஜ்கள், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். வருஷம் திரும்பிவிட்டது, இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று தோன்றியது. ஏன் பிரிந்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும். நம்மோடு படித்தவர்கள் சிலர் இதைப் படிப்பார்கள். அவர்கள் யார் பக்கமும் பேச வேண்டாம்.

எழுத உட்கார்ந்தால் அந்தப் பேச்சுப் போட்டிதான் முன்னால் வந்து நிற்கிறது. பாதியில் எனக்கு வரி மறந்துபோனது. மைக்கைப் பிடித்த கை நடுங்கியது. கடைசி வரிசையில் நீ எழுந்து நின்று, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து அடுத்த வரியைச் சொன்னாய். நான் மனப்பாடம் செய்த நாளெல்லாம் நீ பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாய். காதில் வாங்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். முழுப் பேச்சும் உனக்குப் பாடமாகியிருந்தது! பரிசு கிடைக்கவில்லை. யாருக்கு வேண்டும் பரிசு? 17 வயதில் ஒருத்தியின் பேச்சை வரி விடாமல் கேட்க ஓர் ஆள் இருந்தானே, அது போதாதா?

அதே நீதான், யாரோ என்னைப் பற்றிக் கேட்டபோது, "அவளா? கூடப் படிக்கிற பொண்ணு, அவ்வளவுதான்" என்றாய். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன். பயத்தில் சொன்னாய் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் எனக்கும்தான் இருந்தது. நான் உன்னை மறைக்கவில்லையே.

பஸ்ஸில் சேர்ந்து திரும்பிய அந்த மாலையைப் பற்றி எழுத மாட்டேன். அம்மா படித்தாலும் தலைகுனிய அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் அது நம் இருவருடையது, அப்படியே இருக்கட்டும்.

உன் கடைசி மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை. உனக்கு வலித்திருக்கும், மன்னித்துக்கொள். ஆனால் ஒரு வார்த்தை எழுதியிருந்தாலும் மறுபடி போனையே பார்த்துக்கொண்டு கிடந்திருப்பேன். காதலைப் பற்றி ஆராய்ந்த மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றைப் படித்தேன். காதலில் கைவிடப்பட்டும் மனம் விடாத 15 பேரிடம் பிரிந்தவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்திருக்கிறார்கள். கொக்கேய்னுக்கு ஏங்கும்போது தூண்டப்படும் பகுதிகளில் சில அப்போதும் தூண்டப்பட்டன. பிரிந்து அதிக நாளானவர்களிடம், பற்றோடு தொடர்புடைய ஒரு பகுதியின் இயக்கம் குறைந்திருந்தது. படித்துவிட்டு அழுதேன். எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை என்ற நிம்மதியில் வந்த அழுகை அது. அப்புறம்தான் உன் படங்களைத் திறந்து பார்ப்பதை நிறுத்தினேன்.

இப்போது பரவாயில்லை. உன் பெயரை யாராவது சொன்னால் திரும்பிப் பார்க்கிறேன், அத்தோடு சரி. எனக்கு வேறு யாரோ இருப்பதாக உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இல்லை. இருந்தால்தான் உன்னை மறக்க முடியும் என்று நீ நம்பினாயா? அது எனக்குக் கோபமாக வருகிறது.

நீ நன்றாக இரு. மனதாரத்தான் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே, நண்பர்களிடம் என்னைப் பற்றி விசாரிக்காதே. உன் தங்கையோடு மட்டும் நான் தொடர்ந்து பேசுவேன். அவள் உன் மூலமாக வந்தவள்தான், ஆனால் இப்போது என் சிநேகிதி. அவளை விட்டுக்கொடுக்க மாட்டேன்.