ஸ்பீடா போனா ஃபைன், ரைட் ட்ராக்கை அடைச்சுக்கிட்டு போனா ஒண்ணும் இல்லையா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

நான் பெரம்பலூர்ல சொந்தமா ஒரு கார் வச்சு டிராவல்ஸ் ஓட்டுறேன், 14 வருஷம் ஆச்சு. எங்க பக்கம் ஊருக்கு ஊர் துபாய், சிங்கப்பூர்னு போனவங்க நிறைய, அதனால வாரத்துல மூணு தடவையாவது சென்னை ஏர்போர்ட் ட்ரிப் இருக்கும், பெரும்பாலும் ராத்திரி ஓட்டம்தான். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, வேப்பூர், தொழுதூர்னு அந்த ரோட்டுல எந்த இடத்துல பள்ளம், எந்த இடத்துல மீடியன்ல கேப் இருக்குன்னு கண்ணை மூடிட்டு சொல்லுவேன். எழுத காரணம் போன மாசம் நான் கட்டுன ஃபைன். ஃபைன் கட்டுனது தப்புன்னு சொல்ல வரல, ஸ்பீடா போனேன், கட்டிட்டேன். ஆனா அன்னைக்கு கண்ணால பார்த்தது மனசை விட்டு போக மாட்டேங்குது.

காலைல ஏழு மணி இருக்கும், உளுந்தூர்பேட்டை தாண்டி வந்துட்டு இருக்கேன், முன்னாடி ஒரு டாரஸ் லாரி ஃபுல் லோடோட மீடியன் ஓரமா, முந்துறதுக்குன்னு இருக்கற ரைட் ட்ராக்லயே போகுது, 50, 55-க்கு மேல போகல. லெஃப்ட் ட்ராக் காலியா கிடக்கு. ஹாரன் அடிச்சேன், லைட் அடிச்சேன், சைடு குடுக்கல. எனக்கு பின்னாடி ஏழெட்டு கார் சேர்ந்துருச்சு, ஒரு அரசு பஸ் வேற. கடைசில எல்லாரும் பண்றதை நானும் பண்ணேன், லெஃப்ட்ல ஏறி மிதிச்சு முந்தினேன், முந்தி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, ஸ்பீடு புடிக்கிற போலீஸ் இன்டர்செப்டர் வண்டி நிக்குது, கையை காட்டி ஓரங்கட்ட சொல்லிட்டாங்க. ஸ்பீட் கன்ல என் வேகம் இருக்கு, 1000 ரூபாய் செலான். நான் வண்டியை விட்டு இறங்கி லைசென்ஸ காட்டிட்டு நிக்கிறப்ப அதே டாரஸ் அதே ரைட் ட்ராக்ல எங்களை தாண்டி மெதுவா போகுது, பின்னாடி அதே வரிசை, ஒவ்வொரு காரா லெஃப்ட்ல ஏறி வருது. சார் இந்த வண்டியை பாருங்க, இவர் ஒதுங்கியிருந்தா நான் ஏன் மிதிக்கப் போறேன்னு கேட்டேன். அந்த போலீஸ்காரர் நல்ல மாதிரியாத்தான் பேசினாரு, "தம்பி, மெஷின் ஸ்பீடைத்தான் காட்டும், அவன் ஸ்பீடாவா போறான்"னாரு. அவரு சொன்னது நிஜம். அதான் பிரச்சனையே.

லெஃப்ட்ல ஏறி முந்துறது எவ்வளவு ஆபத்துன்னு எனக்கு தெரியும். ஐப்பசி மாசம், மழை தூறிக்கிட்டு இருக்கு, காலைல நாலரை மணி. பின் சீட்ல கைக்குழந்தையோட ஒரு குடும்பம். வேப்பூர் தாண்டி இதே மாதிரி ஒரு லாரி சைடு குடுக்காம போக நான் லெஃப்ட்ல எடுத்தேன், எடுத்த உடனே ஹெட்லைட் வெளிச்சத்துல ரோட்டுல ஏதோ கருப்பா கிடந்துச்சு, வேப்பங்கொத்து. நம்ம ரோட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு ஓட்டுற எல்லாருக்கும் தெரியும், முன்னாடி வண்டி பிரேக்டவுன் ஆகி நிக்குதுன்னு அர்த்தம். டெயில் லைட் இல்ல, ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல சேறு, தார்ப்பாய் போட்ட லாரி ஒண்ணு லெஃப்ட் ட்ராக்ல பாதியை அடைச்சு நிக்குது. பிரேக்கை அழுத்தி மறுபடி ரைட்டுக்கு ஒடிச்சு முன்னாடி போற லாரியோட பின் டயரை ஒட்டி உள்ள வந்தேன், பின்னாடி வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டாரோ பொழைச்சோமோ. குழந்தை வீறிட்டு அழுவுது, அந்த அம்மா ஒண்ணும் பேசல. பெரம்பலூர்ல இறக்கி விட்டுட்டு வீட்டுக்கு வந்து வண்டியை கழுவறப்ப பார்த்தா பம்பருக்கு அடில வேப்பங்குச்சி ஒண்ணு சொருகிக்கிட்டு இருக்கு, இலை வாடக்கூட இல்ல.

அன்னைக்கு நான் மோதியிருந்தா எஃப்.ஐ.ஆர்ல என்ன எழுதியிருப்பாங்க? "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து"னு என் பேரைத்தான் எழுதியிருப்பாங்க. ரைட் ட்ராக்க விடாம போன லாரிக்காரர் பின்னாடி இப்படி ஒண்ணு நடந்துச்சுன்னே தெரியாம திருச்சி போய் லோடு இறக்கியிருப்பாரு. 2022-ல நம்ம மாநிலத்துல மட்டும் 64,105 ரோடு ஆக்சிடென்ட், 17,884 பேர் செத்திருக்காங்க, இது மத்திய அரசு கணக்கு. அதே கணக்குல நாடு முழுக்க நடந்த ஆக்சிடென்ட்ல அஞ்சுல ஒண்ணு பின்னாடி இருந்து மோதுனது. பெரும்பாலான சாவுக்கு காரணம்னு ஓவர் ஸ்பீடைத்தான் எழுதியிருக்காங்க. அந்த ஸ்பீடு எதனால வந்துச்சு, யாரை சுத்திக்கிட்டு போறதுக்காக வந்துச்சுன்னு எழுத எந்த கட்டத்துலயும் இடம் இல்ல.

இன்னொன்னு, லாரியை லாரி முந்துறது. லெஃப்ட்ல போற ட்ரெய்லர் 57-ல போகுது, ரைட்ல முந்துற ட்ரெய்லர் 60-ல போகுதுன்னு வைங்க, வித்தியாசம் மணிக்கு 3 கிலோமீட்டர், அதாவது ஒரு நிமிஷத்துக்கு 50 மீட்டர். ரெண்டு வண்டி நீளம், முன்ன பின்ன இடைவெளி எல்லாம் சேர்த்து முழுசா முந்தி உள்ள வர 100 மீட்டராவது வேணும், ஆக 2 நிமிஷம். அந்த 2 நிமிஷத்துல 2 கிலோமீட்டர் ரோடு மொத்தமா அடைஞ்சு போகுது. சும்மா கணக்கு போட்டு சொல்லல அய்யா, தொழுதூருக்கு முன்னாடி ஒரு ராத்திரி இப்படி ரெண்டு ட்ரெய்லர் ஜோடி போட்டு போறப்ப எனக்கு பின்னாடி 108 ஆம்புலன்ஸ் சைரனோட வந்து நின்னுச்சு. நான் எங்க ஒதுங்க, ரைட்ல மீடியன், லெஃப்ட்ல லாரி. உள்ள யாரு என்ன நிலைமைல இருந்தாங்களோ. ஆம்புலன்ஸுக்கு வழி விடலன்னா 10,000 ரூபாய் ஃபைன்னு சட்டம் இருக்கு, ஆனா அன்னைக்கு அந்த ட்ரெய்லரை நிறுத்தி கேட்க அந்த ரோட்டுல ஒருத்தரும் இல்ல.

லாரிக்காரங்க மேல மட்டும் பழி போடுறேன்னு நினைக்காதீங்க. அவங்க சொல்றதையும் கேட்டுட்டுத்தான் எழுதுறேன். டீக்கடைல நாமக்கல் வண்டி ஓட்டுற ஒரு அண்ணன்கிட்ட, ஏண்ணே லெஃப்ட்ல போனா என்னன்னு கேட்டேன். "லெஃப்ட்ல எதிர்ல பைக் வருவான் தம்பி, பால் கேனை மாட்டிக்கிட்டு லைட் இல்லாம வருவான், மாடு வரும், பஸ்ஸு நடு ரோட்டுலயே நின்னு ஆள் ஏத்தும், லோடு வண்டியை ஒவ்வொரு தடவையும் பிரேக் அடிச்சு மறுபடி கியர் போட்டு தூக்கணும்னா டீசலுக்கு ஓனர்கிட்ட யாரு பதில் சொல்றது. ராத்திரில நின்ன வண்டி மேல போய் சொருகுனா கேபின்ல இருக்கற எங்க காலுதான் போகும், ரைட்ல போனா ஒண்ணும் குறுக்க வராது"ன்னாரு. அவரு சொன்ன எல்லாமே நிஜம், நானும் தினம் பார்க்கறேன். லோடு வண்டி போய் போய் லெஃப்ட் ட்ராக் டயர் தடத்துல அமுங்கி மழை பெஞ்சா வாய்க்கால் மாதிரி தண்ணி நிக்கும். சித்திரைல சமயபுரத்துக்கு நடந்து போற சனம் லெஃப்ட் ஓரமாத்தான் போகும், அந்த நாட்கள்ல லாரிக்காரர் ரைட்ல போறதுதான் சரி, நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா கார்ல 70-ல ரைட் ட்ராக்க புடிச்சுக்கிட்டு போன் பேசிக்கிட்டு போறவங்களுக்கு இந்த காரணம் ஒண்ணும் கிடையாது. கேட்டா லிமிட்டுக்குள்ளதான போறேன்னு சொல்றாங்க. லிமிட்டுக்குள்ள போங்க, லெஃப்ட்ல போங்க. பின்னாடி வர்றவனை திருத்துறது போலீஸ் வேலை, நம்ம வேலை இல்ல. அதே மாதிரி 130-ல வந்து பம்பரை ஒட்டி லைட் அடிக்கிற ஆளுங்களுக்கும் நான் பரிஞ்சு பேசல, அவங்களை புடிங்க, தாராளமா புடிங்க.

சட்டம் இல்லாம இல்ல. இடது ஓரமா ஓட்டணும், முந்துனா வலது பக்கமா முந்தணும்னு 2017-ல வந்த மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைல இருக்கு, மீறுனா 500-ல இருந்து 1000 ரூபாய் வரை ஃபைன்னு மோட்டார் வாகன சட்டத்தோட 2019 திருத்தத்துல 177ஏ பிரிவுல இருக்கு. அந்த பிரிவுல லேன் விஷயத்துக்கு செலான் வாங்குன ஒரு ஆளைக்கூட எங்க ஸ்டாண்டுல நான் பார்த்தது இல்ல, 20 பேருக்கு மேல வண்டி ஓட்டுறோம். மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேல 2024-ல இருந்து கேமரா வச்சு லேன் மீறுறதுக்கும் செலான் அனுப்புறாங்க. பெங்களூரு மைசூரு ரோட்டுல 2023 ஆகஸ்ட் 1-லேர்ந்து பைக், ஆட்டோ, டிராக்டர் எல்லாம் மெயின் ரோட்டுல ஏறக்கூடாதுன்னு பண்ணிட்டாங்க. அதை அப்படியே நம்ம ரோட்டுக்கு கொண்டு வர முடியாது, பல இடத்துல சர்வீஸ் ரோடே கிடையாது, பைக்ல போற சனம் எங்க போகும்.

ஆனா இதை செய்யலாம். ரோந்து வண்டி நின்ன இடத்துலயே நிக்காம ஓடிக்கிட்டே இருக்கட்டும், ரைட் ட்ராக்ல காரணமே இல்லாம போற வண்டி பின்னாடி போய் மைக்ல லெஃப்ட்ல போன்னு சொல்லட்டும், தமிழ்லயும் சொல்லட்டும் ஹிந்திலயும் சொல்லட்டும், ராஜஸ்தான் ஹரியானா வண்டி எவ்வளவோ வருது. முதல் ஒரு மாசம் வார்னிங், அப்புறம் 500 ரூபாய். டோல்கேட்ல எல்லா லாரியும் நின்னுதான் போகுது, அங்க ஒரு நோட்டீஸ் குடுக்க எவ்வளவு நேரம் ஆகும். அதுக்கு முன்னாடி லெஃப்ட் ட்ராக்ல நிக்கிற லாரியை எடுங்க, டெயில் லைட் எரியாத வண்டியை டோல்கேட்டை தாண்ட விடாதீங்க, லாரி நிறுத்த தனி இடம் போட்டு குடுங்க. வண்டி நிக்கிறதை பார்த்தா நேஷனல் ஹைவேஸ் ஹெல்ப்லைன் 1033-க்கு போன் பண்ணலாம், நானும் ரெண்டு தடவை பண்ணியிருக்கேன், கோன் வைக்க ஆள் வந்தாங்க. லெஃப்ட சரி பண்ணிட்டு அப்புறம் லெஃப்ட்ல போன்னு சொன்னா அந்த நாமக்கல் அண்ணனும் போவாரு.

உங்க பேப்பர்ல ஆக்சிடென்ட் செய்தி தினம் வருது, டிரைவர் தூங்கிட்டாரு, ஸ்பீடா வந்தாருன்னு வருது. ஒரு தடவை உங்க நிருபரை காலைல நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் தொழுதூர் பக்கம் ரோட்டோர டீக்கடைல உட்காரச் சொல்லுங்க அய்யா. எத்தனை லாரி ரைட்ல போகுது, எத்தனை கார் லெஃப்ட்ல ஏறுதுன்னு ஒரு பேப்பர்ல கோடு போட்டு எண்ணி அதை அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு டிராவல்ஸ் கார் டிரைவர்,
பெரம்பலூர்