டிராம் நிறுத்தத்து மஞ்சள் பூ

மோன்பெலியே, பிரான்ஸ்,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கு நான் நலம். அங்கு உங்கள் முழங்கால் வலியும் அப்பாவின் இருமலும் தேவலையா?

டிராம் நிறுத்தத்தின் அருகே நம் முத்தியால்பேட்டை வீட்டு வாசலில் நிற்கும் மயில்கொன்றையே பூத்திருக்கிறது என்று சென்ற ஆண்டு தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? தண்ணீர் உறையும் ஊரில் அது எப்படித் தாங்கும் என்று நீங்கள் கேட்டபோது மழுப்பிவிட்டேன். நீங்கள் சந்தேகப்பட்டதுதான் சரி; அது மயில்கொன்றை இல்லை.

மயில்கொன்றையிலும் மஞ்சள் வகை உண்டென்பதால் நிறம் என்னை ஏமாற்றிவிட்டது. 1593இல் தொடங்கப்பட்ட இவ்வூர்த் தாவரவியல் தோட்டத்தில் ஒரு தோட்டக்காரரிடம் உதிர்ந்து கிடந்த கொத்தைக் காட்டியபோது, அவர் பூவைப் பார்க்காமல் இலையைத் திருப்பி, ஓரத்தில் வரிசையாக இருந்த கறுப்புப் புள்ளிகளைக் காட்டினார். பூக்காம்பு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தண்டில் முள்ளே இல்லை. இதழைத் தாண்டி ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்பு மகரந்தத் தாள்கள் நீண்டிருந்தன. சீசல்பினியா கில்லீசி என்பது அதன் பழைய பெயர். இப்போது வழங்கும் எரித்ரோஸ்டெமோன் என்ற பேரினப் பெயருக்குக் கிரேக்கத்தில் 'சிவந்த மகரந்தத் தாள்' என்றே பொருளாம். அர்ஜென்டினாப் பக்கத்துச் செடி. உறைபனியை ஓரளவு தாங்கும். நம் மயில்கொன்றையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான் என்று அவர் சொன்னபோது எனக்குச் சற்றே ரோஷம் வந்தது.

இலையுதிர் காலத்தில் பழுப்பேறிய நான்கு காய்களைப் பறித்து வந்து சன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். நள்ளிரவில் 'பட்'டென்று ஒரு சத்தம். கண்ணாடிதான் விரிசல் விட்டுவிட்டது என்று பதறி விளக்கைப் போட்டால், காய் முறுக்கிக்கொண்டு வெடித்து, விதைகள் கட்டிலுக்கு அடியில் வரை சிதறியிருந்தன. விதையும் காயும் நஞ்சு என்பதால், பக்கத்து வீட்டுக் குழந்தை விளையாட வருவதற்குள் ஒன்று விடாமல் பொறுக்கினேன்.

மார்ச் மாதம் ஆறு விதைகளை அப்படியே ஊன்றி, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தேன், ஒன்றும் முளைக்கவில்லை. ஏப்ரலில், நீங்கள் மொச்சையை ஊறவைப்பது நினைவுக்கு வர, நகம் தேய்க்கும் அரத்தால் ஒவ்வொரு விதையின் தோலையும் உள்ளே வெளுப்புத் தெரியும்வரை ஓரிடத்தில் மட்டும் உரசி, வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு போட்டுவைத்தேன். காலையில் அவை இரு மடங்காக உப்பியிருந்தன; உப்பாத ஒன்றை மீண்டும் உரசினேன். ஆணிவேர் ஆழமாக இறங்கும், பிடுங்கி நட்டால் பொறுக்காது என்பதால், பாதி மணல் கலந்த மண்ணில், உயரமான தொட்டிகளிலேயே ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினேன். ஒன்பதாம் நாள் முதல் முளை வளைந்த கழுத்தோடு மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்தது.

இப்போது நான்கு கன்றுகள் நிற்கின்றன. ஒரு சாண் உயரம்கூட இல்லை. பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகுமாம். உங்களுக்கும் விதை அனுப்பத்தான் ஆசை. ஆனால் நாடு விட்டு நாடு விதை அனுப்ப அனுமதிச் சீட்டும் சான்றிதழும் வேண்டும் என்பதால், இந்தக் கடிதத்தோடு ஓர் இலையின் படத்தை மட்டும் அனுப்புகிறேன். நம் மயில்கொன்றையின் இலையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது சிறியது என்று எழுதுங்கள்.

அன்புள்ள மகன்