வளையலை வைத்துக் கட்டிய முன்பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் 18 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இந்த ஒரு மாதத்தில் எங்கள் வார்டு சிஸ்டர்கள் 3 பேர் ஒரே கேள்வியோடு வந்தார்கள். "அக்கா, ஆன்லைன்லயே எம்.எஸ்சி. நர்சிங் படிக்கலாமாம். லீடர்ஷிப்புனு தனி கோர்ஸாம். பணம் கட்டிடட்டுமா?" கட்டாதீங்க என்று சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நான் கட்டி ஏமாந்தவள்.

எனக்கும் இப்படித்தான் போன் வந்தது. "வேலையை விட வேண்டாம் மேடம், காலேஜ் பக்கமே வர வேண்டாம்" என்றது ஒரு பெண் குரல். கூட்டுறவு வங்கியில் 2 வளையலை வைத்து 25,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். அப்புறம்தான் விசாரித்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு விதிமுறைப்படி ஆன்லைனிலோ தொலைநிலையிலோ நடத்தக் கூடாத படிப்புகளில் மருத்துவம், பார்மசியோடு நர்சிங்கும் ஒன்று. பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். வளையலை மீட்க 14 மாதம் ஆயிற்று. வீட்டுக்காரரிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

தடையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி போடுவதை செல்போனில் பார்த்துக் கற்றவளிடம் என் பிள்ளையை நானே விட மாட்டேன். ஆனால் வார்டை நடத்தக் கற்பது வேறு.

போன தை மாதம், சம்பா அறுவடை நேரம். நைட் டூட்டியில் நானும் புதிதாக வந்த ஒரு பெண்ணும் மட்டும். அரை மணிக்குள் 2 பாம்புக்கடி கேஸ். ஒருவரைக் கடித்தது கட்டுவிரியன், மற்றவரை என்ன கடித்ததென்றே தெரியவில்லை. தெரியாதவருக்கு 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், உறைந்ததா இல்லையா என்று. உறையாவிட்டால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். கட்டுவிரியன் கடித்தவருக்கு ரத்தம் வழக்கம்போல உறையும். ஆனால் இமை தொங்கும், மூச்சுத் தளரும். டாக்டர் ஒருவர்தான், அவர் விஷமுறிவு மருந்தோடு இங்கும் அங்கும் ஓடுகிறார். வாசலில் சொந்தக்காரர்கள் சத்தம். அந்தப் பெண்ணைக் கட்டுவிரியன் ஆள் பக்கத்தில் நிறுத்தி ஒரே வேலை கொடுத்தேன்: மூச்சு விடாமல் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல், எதுவரை எண்ணுகிறார் என்று எழுது. முதலில் 22, அப்புறம் 17. அவள் 11 என்று எழுதியபோது 108 வண்டி தஞ்சாவூருக்குப் புறப்படத் தயாராக நின்றது. ஆள் பிழைத்துக்கொண்டார். யாரை எங்கே நிறுத்துவது என்று எனக்கு யாரும் பாடம் எடுத்ததில்லை. பட்டுப் பட்டுக் கற்றதுதான்.

என்னோடு படித்தவள் ஒருத்தி இப்போது டெக்சாஸில் இருக்கிறாள். அவள் வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் இந்த லீடர்ஷிப் முதுகலையைப் படிக்கிறாள். அங்கே பி.எஸ்சி. நர்சிங் முடித்து, பதிவும் வாங்கியவர்களுக்குத்தான் அந்தக் கோர்ஸ். ஆள் கணக்கு, பட்ஜெட், நோயாளி பாதுகாப்பு எல்லாம் ஆன்லைனில். செயல்முறைக்கு ஒரு நர்ஸ் மேனேஜரோடு மருத்துவமனையில் நின்று மணிக்கணக்கு காட்ட வேண்டும். அவள் எடுத்த ப்ராஜெக்ட், ஷிப்ட் மாறும்போது நோயாளியின் நிலையைக் கட்டில் பக்கத்திலேயே அடுத்த நர்ஸிடம் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவர் கொடுப்பது. "நாம அங்கயே செஞ்சதுதான்டி. இங்க அதுக்கு மார்க் போடுறாங்க" என்று சிரிக்கிறாள்.

இங்கே எம்.எஸ்சி. நர்சிங் என்றால் 2 வருடம் முழுநேரம். அதில் நிர்வாகம் ஒரு பாடமாக வரும், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டி, பிள்ளையின் பிளஸ் டூவும் மாமியாரின் டயாலிசிஸும் ஒன்றாக வரும் வயதில் எத்தனை பேரால் போக முடியும்? ஐசியுவில் வேலை பார்த்தபடியே படிக்கும் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சிலே கொண்டுவந்திருக்கிறது. டிப்ளமோ நர்ஸுகள் பட்டம் வாங்கப் படிக்கும் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை, நேர்முகச் செயல்முறை வகுப்புகளோடு, இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அந்த 2020 விதிமுறைக்கு முன்பே தொலைநிலையில் நடத்திக் காட்டியிருக்கிறது. 1947ஆம் ஆண்டு கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023இல் தேசிய நர்சிங் மற்றும் மிட்வைஃபரி ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. சட்டமே மாறும்போது லீடர்ஷிப் முதுகலையையும் யோசிக்கலாம்: பதிவு பெற்று, சில வருட சர்வீஸும் உள்ளவர்களுக்கு மட்டும் என்று வைத்து, பாடத்தை ஆன்லைனிலும் செயல்முறையைத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மருத்துவக் கல்லூரிகளிலும் நடத்தலாமே. எங்களுக்கு மூன்றுமே பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

அதுவரை தங்கைகளுக்கு ஒரு வார்த்தை: பணம் கட்டுமுன், அந்தப் பட்டத்தைப் பதிவு செய்வார்களா என்று தமிழ்நாடு நர்ஸுகள் கவுன்சிலில் எழுத்து மூலமாகக் கேளுங்கள். மூவரில் ஒருத்தி தனக்கு வந்த வாய்ஸ் மெசேஜை எனக்குப் போட்டுக் காட்டினாள். குரல்தான் வேறு. "காலேஜ் பக்கமே வர வேண்டாம் மேடம்" என்ற வரி அப்படியே இருந்தது.

இப்படிக்கு,
ஓர் அரசு செவிலியர்,
திருவாரூர் மாவட்டம்
(பெயர் வெளியிட வேண்டாம்)