ஐடா கல்லைக் களத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுக்கு

நம்ம ஊர்க்காரர்களுக்கும் திருமுருகன்பூண்டிச் சிற்பிக்கும் வணக்கமுங்க.

போன சனிக்கிழமை ராத்திரி களத்தில் பிள்ளைகள் தடவிப் பார்த்த கல்லைப் பற்றி இன்னும் தெருவில் பேச்சு ஓயவில்லை. அதற்காகவே இந்த நன்றி மடல்.

ஐடா ஒரு சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருக்கும் சிறுகோள் பட்டையின் வெளிப்பக்கத்தில், சூரியனிலிருந்து சுமார் 43 கோடி கிலோமீட்டர் தள்ளிச் சுற்றுகிற வெறும் கல். 1884-ல் வியன்னாவிலிருந்து யோகான் பலிசா என்ற வானியலாளர் அதைக் கண்டுபிடித்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாது. வானத்தைக் காட்டி "அங்கே இருக்குது சாமி" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு என்ன புரியும்? கையில் தொட ஒரு கல் வேண்டும் என்று தோன்றியது.

சிற்பி அய்யாவிடம் படங்களைக் கொடுத்தேன். "இதுக்கு முகம் எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார். முகமே இல்லை என்றதும் மூன்று நாள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தார். கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. நீளம் 60, அகலம் 25, உயரம் 19. குழிகளைக் கொத்தித் தந்தது நம்ம ஊருக்கு அம்மி கொத்த வரும் அம்மா. அவர் கை பட்ட பிறகுதான் அது ஐடா ஆனது.

அப்புறம் டாக்டைல், ஐடாவைச் சுற்றும் நிலா. 1993 ஆகஸ்ட் 28-ல் கலிலியோ விண்கலம் ஐடாவைக் கடந்து போனபோது எடுத்த படங்கள், பெரிய ஆண்டெனா விரியாததால், மாதக்கணக்கில் மெதுவாகத்தான் பூமிக்கு வந்தன. 1994 பிப்ரவரியில் கலிலியோ குழுவைச் சேர்ந்த ஆன் ஹார்ச் அவற்றில் இந்தக் குட்டி நிலாவைப் பார்த்தார். ஒரு சிறுகோளுக்கு நிலா உண்டென்று உறுதியானது அப்போதுதான். அந்த நிலா இருந்ததால்தான் ஐடாவின் எடையையே மதிப்பிட முடிந்தது. அதே கருங்கல்லின் சில்லில், மொச்சைக்கொட்டை அளவில் டாக்டைலையும் சிற்பி செய்து தந்தார். இரண்டு முழம் தள்ளி வைத்தோம்.

நாற்பது கிலோ கல்லைத் தேங்காய் லோடோடு குட்டியானையில் ஏற்றி வந்த தம்பிக்கு நன்றி. களத்தைக் கூட்டிச் சாணி தெளித்துத் தந்த தோட்டத்து ஆத்தாவுக்கும், ஒன்றரை மணி நேரம் வெளி விளக்குகளை அணைத்து வைத்த தறிக் குடோன்காரர்களுக்கும் நன்றி. அந்த இருட்டு கிடைக்காமல் இருந்தால் பிள்ளைகள் அண்ணாந்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஐடா சூரியனைச் சுற்ற ஏறக்குறைய ஐந்து வருஷம் என்றதும், "அப்ப அங்க பொறந்தநாளு எப்ப வரும்?" என்று கேட்ட அம்மிணிக்கும் நன்றி.

கல் இப்போது பள்ளி வேப்பமரத்தடியில் இருக்கிறது. டாக்டைலைத்தான் காணவில்லை. எந்தக் குழந்தை எடுத்துப் போனதோ, திட்ட வேண்டாம், அதுவே வைத்துக்கொள்ளட்டும். சிற்பி இன்னொன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.